ஒரு பக்கம் மட்டும் கேட்கும் போன்: ரௌட்டரைத் தாண்ட எந்த வழி?

“ஏனுங்க, நீங்க பேசறது ஒண்ணுமே கேக்கலீங்களே!” சூலூர் குடோனிலிருந்து வந்த இந்தக் குரல் கோவை ஆபீஸில் பளிச்சென்று கேட்டது. “எனக்கு நல்லாக் கேக்குதுங்க” என்று ஆபீஸிலிருந்து கத்தியது அந்தப் பக்கம் போகவே இல்லை. நான் பார்த்துக்கொடுக்கும் ஒரு சின்ன வியாபார நிறுவனத்தில் ஐபி போன் வைத்த முதல் வாரம் அது. ஆபீஸில் போன்களைக் கோத்துவிடும் ஆஸ்டரிஸ்க் என்ற மென்பொருள் ஓடும் ஒரு பழைய கம்ப்யூட்டர், அதுதான் சர்வர்; அதில் 12 எக்ஸ்டென்ஷன். குடோனில் இரண்டு மேசை போன். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் மூன்று பேருக்கு மொபைலில் ஆப். எல்லாமே தங்களுக்குள் பேசிக்கொள்ள மட்டும். ஆபீஸுக்குள் ஒரு குறையும் இல்லை. ரௌட்டரைத் தாண்டினால்தான் தகராறு.

இதற்கு மருந்து கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஸ்டன் போடு, போர்ட்டைத் திற, ஏஎல்ஜியை அணை, விபிஎன் வை, பேசாமல் கிளவுடுக்கு மாறிவிடு. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருக்குப் பலித்ததுதான். எது எந்த நோய்க்கு என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் போட்டுவிட்டு, மறுநாள் எது வேலை செய்கிறது, எது கெடுக்கிறது என்று தெரியாமல் விழித்த அனுபவம் எனக்கு உண்டு. அதனால் வழிகளை ஒப்பிடுவதற்கு முன் நோயைப் பற்றிக் கொஞ்சம்.

உறையில் ஒரு முகவரி, உள்ளே ஒரு முகவரி

ஐபி போன்கள் பேசிக்கொள்ளும் விதிமுறைக்கு சிப் என்று பெயர். அந்த முறையில் பேசும் போனுக்கு இரண்டு வேலை. யாரைக் கூப்பிடுவது, மணி அடிப்பது, எடுத்தாயிற்று என்று சொல்வது எல்லாம் சிக்னலிங். வழக்கமாக 5060ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண் போட்ட கதவில், நடக்கும். குரல் தனி. அது ஆர்டிபி என்ற பெயரில் வேறு போர்ட்டுகளில் போகும். ஆஸ்டரிஸ்கில் பொதுவாக 10000 முதல் 20000 வரை. “எனக்கு வரவேண்டிய குரலை இந்த ஐபி முகவரிக்கு, இந்தப் போர்ட்டுக்கு அனுப்பு” என்ற குறிப்பை சிக்னலிங் செய்திக்குள்ளேயே ஒரு துண்டுச்சீட்டு போலப் போன் எழுதி அனுப்புகிறது. அந்தத் துண்டுச்சீட்டுக்கு எஸ்டிபி என்று பெயர்.

போனுக்குத் தெரிந்தது அதன் வீட்டு முகவரி மட்டும்தான்: 192.168.1.23 மாதிரி ஒன்று. நேட் என்ற முகவரி மாற்றத்தைச் செய்யும் ரௌட்டர், வெளியே போகும் கடிதத்தின் உறைமேல் இருக்கும் அனுப்புநர் முகவரியை மாற்றி, இணையத்தில் தெரியும் தன் பப்ளிக் ஐபியைப் போட்டு அனுப்பும். உறையைப் பிரித்து உள்ளே இருக்கும் துண்டுச்சீட்டைத் திருத்தாது. எதிர்முனை துண்டுச்சீட்டை நம்பிக் குரலை 192.168.1.23க்கு அனுப்பினால் அது எங்கே போய்ச் சேரும்? அந்த எண் லட்சக்கணக்கான வீடுகளில் இருக்கிறது. இணையத்தில் அப்படி ஒரு முகவரியே கிடையாது.

இப்படி வீட்டுக்குள் மட்டும் செல்லும் பிரைவேட் ஐபிகளை ஒதுக்கிய ஆவணம் 1996இல் வந்தது. சிப் இன்றைய வடிவத்தில் 2002இல் வந்தது. நேட் இருப்பது தெரிந்தே, இரண்டு முனையும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளும் என்ற பழைய நினைப்பில் எழுதிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும். ஒட்டுப்போடும் வேலை அதற்கு மறுவருடமே தொடங்கிவிட்டது, இன்னும் முடியவில்லை.

இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது. இரண்டு பேருமே வீட்டுக்குள் இருந்தால் யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. யாராவது ஒருவர் தெருவுக்கு வந்து, எல்லோரும் பார்க்கும் முகவரியில் நிற்க வேண்டும். கீழே வரும் வழிகள் எல்லாமே அந்த ஒருவர் யார் என்பதில்தான் வேறுபடுகின்றன. ஆபீஸ் சர்வரா, வாடகைக்கு எடுத்த ஒரு சர்வரா, நடுவில் நிற்கும் அஞ்சல்காரனா?

குரல் எங்கே காணாமல் போகிறது

காசு செலவழிக்கும் முன் அரை மணி நேரம் இதற்குக் கொடுங்கள். சர்வரில் எஸ்என்கிரெப் என்ற கருவியை ஓடவிட்டு ஒரு கால் (அழைப்பு) போட்டால், சிக்னலிங் முழுதும் ஏணிப்படம் போல விரியும். கூப்பிடுவதற்கான இன்வைட் செய்தியைத் திறந்து எஸ்டிபியில் சி என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். வெளியே போகும் செய்தியில் அங்கே 192.168 அல்லது 10 என்று தொடங்கும் எண் இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. அடுத்து ஆஸ்டரிஸ்க் கன்சோலில் ஆர்டிபி டீபக்கை ஆன் செய்யுங்கள். எந்த முகவரியிலிருந்து பாக்கெட் வந்தது, எந்த முகவரிக்குப் போனது என்று வரிவரியாக ஓடும். குரலை எண்களாக மாற்றும் ஜி.711 என்ற கோடெக்கில் நொடிக்கு 50 பாக்கெட் என்பதால் திரை பறக்கும். ஐந்து நொடி போதும், நிறுத்திவிடுங்கள்.

குடோன் கேஸில் பாக்கெட் வந்துகொண்டிருந்தது. போனதும் போய்க்கொண்டுதான் இருந்தது, ஆனால் 192.168.0.14 என்ற முகவரிக்கு. அது குடோன் போனின் உள்வீட்டு முகவரி. ஆபீஸ் பக்கம் போர்ட் ஃபார்வர்டிங் சரியாக இருந்ததால் அவர் பேசியது எங்களுக்கு வந்தது. நாங்கள் பேசியது காற்றில் போனது.

அறிகுறியை வைத்தும் நிறைய ஊகிக்கலாம். ஒரு பக்கம் மட்டும் கேட்டால் பெரும்பாலும் எஸ்டிபி முகவரிக் கோளாறு. இரண்டு பக்கமும் மௌனம் என்றால் சர்வரே தவறான முகவரியைச் சொல்கிறது, இல்லை ஆர்டிபி போர்ட்டுகள் அடைபட்டிருக்கின்றன. கொஞ்ச நேரம் மணியே அடிக்காமல், போனை ரீஸ்டார்ட் செய்ததும் சரியானால், போனுக்காக ரௌட்டர் திறந்து வைத்திருந்த வழி காலாவதியாகிவிட்டது என்று பொருள். சிக்னலிங்கும் குரலும் வழக்கமாகப் போகும் யுடிபி முறையில் திறந்த வழியைக் குறைந்தது 2 நிமிடமாவது மூடாமல் வைக்க வேண்டும் என்று 2007இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 30 நொடியில் மூடும் ரௌட்டர்கள் இன்றும் இருக்கின்றன. 25 நொடிக்கு ஒருமுறை சர்வர் போனைத் தட்டிப் பார்க்கும்படி வைத்தால் அது தீரும்.

எனக்குப் பிடித்த அறிகுறி, 32 நொடியில் கட்டாகும் கால். எதிர்முனை எடுத்ததற்கான பதில் செய்தி போய், அதற்கான ஏக் என்ற ஒப்புகை திரும்பி வரவில்லை என்றால், சிப் விதிப்படி அரை நொடியின் 64 மடங்கு, அதாவது 32 நொடி காத்திருந்துவிட்டு சர்வர் காலை அறுத்துவிடும். “நெட் சரியில்லை” என்று பழிபோடுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அதே 32 என்றால் நெட் மேல் குற்றம் இல்லை. “இனி என்னை இங்கே தேடு” என்று சொல்லும் காண்டாக்ட் வரியில் தவறான முகவரி இருக்கிறது.

சர்வர் செட்டிங்: இலவசம், ஆனால் ஒரு நிபந்தனை

முதல் வழி, ஆபீஸ் சர்வரையே தெருவில் நிறுத்துவது. ஆஸ்டரிஸ்கில் சிப்பைக் கவனிக்கும் பிஜேசிப் பகுதியில் இதற்கு இரண்டு பாதி வேலை. ஒன்று, சர்வருக்கு அதன் பப்ளிக் ஐபியைச் சொல்லிக்கொடுப்பது: எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ், எக்ஸ்டர்னல் சிக்னலிங் அட்ரஸ், எது உள்ளூர் நெட்வொர்க் என்ற லோக்கல் நெட் வரி. இன்னொன்று, எதிர்முனை எழுதி அனுப்பும் முகவரியை நம்பாமல் இருப்பது. ஆர்டிபி சிமெட்ரிக் என்பதை ஆன் செய்தால், பாக்கெட் உண்மையில் எந்த முகவரியிலிருந்து வந்ததோ அங்கேயே சர்வர் பதில் குரலை அனுப்பும். துண்டுச்சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உறைமேல் இருப்பதைப் பார்க்கச் சொல்கிறோம், அவ்வளவுதான். காண்டாக்ட்டைத் திருத்தும் ரீரைட் காண்டாக்ட்டும் ஆன். இரண்டு போன்களையும் நேரடியாகக் கோத்துவிட்டு சர்வர் விலகிக்கொள்ளும் டைரக்ட் மீடியா மட்டும் ஆஃப். அது இருந்தால் வீட்டுக்குள் இருக்கும் இருவரும் மறுபடி ஒருவரையொருவர் தேட ஆரம்பிப்பார்கள். ரௌட்டரில் 5060ஐயும் ஆர்டிபி போர்ட்டுகளையும் சர்வருக்குத் திருப்பிவிட வேண்டும்.

இந்த நாலைந்து வரியில் குடோன் பிரச்சினை அன்றே தீர்ந்தது. எதிர்முனையில் எதையும் தொட வேண்டியதில்லை என்பது இந்த வழியின் பெரிய பலம். வீட்டிலிருப்பவருக்கு “ரௌட்டர் பக்கத்தைத் திறங்க” என்று போனில் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், அருமை புரியும்.

நிபந்தனை என்னவென்றால், பப்ளிக் ஐபி உங்களுடையதாக இருக்க வேண்டும், மாறவும் கூடாது. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. போன்கள் எல்லாம் ரிஜிஸ்டர் ஆகின, மணியும் அடித்தது. எடுத்தால் இரண்டு பக்கமும் மயான அமைதி, சரியாக 32 நொடியில் கட். ரௌட்டர் மறுபடி ஏறியபோது புது ஐபி வாங்கியிருந்தது. போன்கள் ஐபி மாறினாலும் கூடவே மாறும் டைனமிக் டிஎன்எஸ் பெயரில் வந்ததால் சர்வரைக் கண்டுபிடித்துவிட்டன; எக்ஸ்டர்னல் மீடியா, சிக்னலிங் அட்ரஸ்களில் மட்டும் நான் பழைய எண்ணைக் கையால் எழுதி வைத்திருந்தேன். தப்பு என்னுடையதுதான். அதற்கப்புறம்தான் மாறாத ஸ்டாட்டிக் ஐபி வாங்க வைத்தேன்.

அதைவிட மோசம், ஐபி உங்களுடையதே அல்லாத நிலை. ரௌட்டரின் இணையப் பக்கத்தில் (வான்) 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் ஐபி தெரிந்தால், உங்கள் இணைய நிறுவனம் ஒரு பப்ளிக் ஐபியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகிறது. சிஜிநேட் என்பார்கள். அங்கே உங்கள் ரௌட்டரில் எத்தனை போர்ட்டைத் திறந்தாலும் அதற்கு மேலே இருக்கும் கதவு உங்கள் கையில் இல்லை. போன் இருக்கும் பக்கம் சிஜிநேட் இருந்தால் கவலையில்லை. சர்வர் இருக்கும் பக்கம் இருந்தால் இந்த வழி அடைபட்டது.

இன்னொரு விலையும் உண்டு. 5060ஐ இணையத்துக்குத் திறந்து வைத்தால் பாஸ்வேர்டைத் துழாவும் ரோபோக்கள் அழையாத விருந்தாளிகளாக வந்துவிடும். எக்ஸ்டென்ஷன் 101க்கு பாஸ்வேர்டும் 101 என்று வைத்து, வெளி லைனும் இணைத்திருந்தால் உங்கள் செலவில் யாரோ வெளிநாட்டுக்குப் பேசுவார்கள். நீளமான பாஸ்வேர்டும், தப்பாகப் போட்டுப் பார்ப்பவர்களைத் தடுக்கும் ஃபெயில்2பேனும் கட்டாயம். வந்த முகவரிக்கே குரலை அனுப்பும் பழக்கத்திலும் ஒரு ஆபத்து இருந்தது: யாரோ ஒருவர் போர்ட்டுகள் மேல் பாக்கெட்டை வாரி இறைத்து, நடக்கிற காலின் குரலைத் தன் பக்கம் இழுக்க முடிந்தது. 2017இல் ஆர்டிபி ப்ளீட் என்று பெயர் வைத்து வெளிவந்தது. பழைய ஆஸ்டரிஸ்கை அப்படியே ஓட்டுபவர்கள் இதற்காகவாவது புதுப்பிக்க வேண்டும்.

ஏஎல்ஜி: அணைத்துவிட்டு மறந்துவிடுங்கள்

ரௌட்டரே உறையைப் பிரித்து உள்ளே இருக்கும் முகவரியையும் திருத்திவிட்டால் என்ன? கேட்க நன்றாக இருக்கிறது. அதுதான் சிப் ஏஎல்ஜி. நடைமுறையில் பல ரௌட்டர்கள் அதைப் பாதி வேலையாகச் செய்கின்றன: ஒரு வரியைத் திருத்தி இன்னொன்றை விட்டுவிடும், செய்தியின் நீளத்தை மாற்றிவிட்டு நீளக் கணக்கை மாற்ற மறந்துவிடும். சர்வர் ஒரு பக்கம் சரியாகத் திருத்தி அனுப்ப, ரௌட்டர் அதை மறுபடி திருத்திக் கெடுக்கும். மைக்ரோடிக் ரௌட்டரில் ஃபயர்வால் சர்வீஸ் போர்ட்ஸ் பக்கத்தில் சிப் என்பதை அணைத்தால் போதும். மற்றவற்றில் மெனுவில் எங்காவது ஒளிந்திருக்கும். இதை ஒரு தீர்வாக எண்ணவே வேண்டாம். எந்த வழியைத் தேர்ந்தாலும் முதல் நாள் செய்யும் துப்புரவு வேலை.

ஸ்டன்னும் டர்ன்னும்

ஸ்டன் என்பது தெருவில் நிற்கும் ஒருவரிடம் “என் முகவரி வெளியே எப்படித் தெரிகிறது?” என்று போன் கேட்டுக்கொள்வது. கேட்டுத் தெரிந்ததைத் துண்டுச்சீட்டில் எழுதும். இலவசம், குரல் அந்த சர்வர் வழியாகப் போவதும் இல்லை. ஆனால் சில ரௌட்டர்கள் ஒவ்வொரு எதிர்முனைக்கும் வெவ்வேறு போர்ட்டைத் தரும். ஸ்டன் சர்வருக்குத் தெரிந்த எண் உங்கள் சர்வருக்குச் செல்லாது. 2003இல் வந்தபோது அதன் முழுப்பெயருக்கு, நேட் வழியே யுடிபியை எளிதாகக் கடத்துவது என்று பொருள். 2008இல் அதே எழுத்துகளை வைத்துக்கொண்டு, நேட்டைக் கடக்க உதவும் கருவிகள் என்று விரிவை மாற்றினார்கள். “எளிதாக” போய்விட்டது. நேர்மையான ஆட்கள்.

சர்வரில் ஆர்டிபி சிமெட்ரிக் இருந்தால் போனில் ஸ்டன் தேவையே இல்லை. இரண்டும் சேர்ந்தால் சில நேரம் குழப்பம்தான் மிச்சம். நான் இப்போது எல்லா போனிலும் அதை எடுத்துவிட்டேன்.

டர்ன், அஞ்சல்காரனை நடுவில் உட்கார வைப்பது. இரு பக்கக் குரலும் அவர் கை வழியாகவே போகும், ஆகவே எப்படிப்பட்ட நேட்டாக இருந்தாலும் போய்ச் சேரும். 3478ஆம் போர்ட்டில் கோடர்ன் மென்பொருளை ஓட்டலாம். பிரவுசரிலேயே பேசும் கால் சென்டர் மாதிரி அமைப்பு என்றால் இதுதான் இயல்பான வழி. ஐஸ் என்ற முறையில் நேர்வழி, ஸ்டன் சொன்ன வழி, டர்ன் வழி மூன்றையும் சோதித்து எது திறந்திருக்கிறதோ அதைப் பிரவுசரே எடுத்துக்கொள்ளும். மேசை போன்களில் பலவற்றுக்கு டர்ன் தெரியாது. பத்துப் பதினைந்து எக்ஸ்டென்ஷனுக்கு இதைக் கட்டுவது எலி பிடிக்க யானை வாங்குவது.

விபிஎன்: நேட்டையே இல்லாமல் ஆக்குவது

முகவரிச் சண்டையே வேண்டாம், எல்லோரும் ஒரே வீட்டில் இருப்பது போல் ஒரு குழாய் போட்டுவிடுவோம் என்பது இந்த வழி. 2020இல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்ட வயர்கார்டு என்ற விபிஎன் இதை மிக எளிதாக்கிவிட்டது. வெளியே ஒரே ஒரு யுடிபி போர்ட் போதும். 5060ஐத் திறக்கவே வேண்டாம், ரோபோத் தொல்லையும் இல்லை. பேச்சு பூட்டப்பட்டே போகும். ஒரு காலுக்கு ஒரு திசையில் 80 கிலோபிட் பிடிக்கும் ஜி.711, வயர்கார்டுக்குள் போனால் சுமார் 107 ஆகும். இன்றைய ஃபைபரில் அது ஒரு பொருட்டே இல்லை.

குடோனுக்கும் ஆபீஸுக்கும் நடுவில் நான் இதைத்தான் கடைசியில் வைத்தேன். இரண்டு பக்கமும் ஆர்ஓஎஸ் 7 (அந்த ரௌட்டரின் மென்பொருள்) ஓடும் மைக்ரோடிக், அதிலேயே வயர்கார்டு இருக்கிறது. போன்களுக்கு விபிஎன் இருப்பதே தெரியாது. ஒரே ஒரு கண்ணி: விபிஎன் நெட்வொர்க்கையும் குடோன் நெட்வொர்க்கையும் லோக்கல் நெட் வரியில் சேர்க்க மறந்தால், சர்வர் அவர்களை வெளியாள் என்று நினைத்துப் பப்ளிக் ஐபியை எழுதி அனுப்பும், பழைய ஒருபக்க மௌனம் விபிஎன்னுக்குள்ளேயே திரும்பி வரும். விபிஎன் போட்டும் சரியாகவில்லையே என்று அலுத்துக்கொண்டவர்கள் இந்த வரியைப் பார்க்கலாம்.

வீட்டு ஆட்களுக்கு இதே வழி அவ்வளவாக ஒத்துவரவில்லை. மொபைலில் விபிஎன் ஆப்பை அணைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். பேட்டரி சேமிப்பு அதை நடுவில் நிறுத்திவிடுகிறது. மேசை போன் கொடுத்தால், யீலிங்க், கிராண்ட்ஸ்ட்ரீம் மாடல்கள் பலவற்றில் ஓபன்விபிஎன் உள்ளேயே உண்டு. போட்டால் யுடிபியில் போடுங்கள். தொலைந்ததை மறுபடி கேட்டு வாங்கும் டிசிபியில் ஒரு பாக்கெட் தொலைந்தால் அது திரும்ப வரும்வரை பின்னால் வரும் குரல் முழுதும் வரிசையில் நிற்கும்.

சர்வரையே வெளியே குடிவைப்பது

ஆபீஸில் சிஜிநேட், ஸ்டாட்டிக் ஐபியும் கிடைக்காது என்றால் சுற்றி வளைக்காமல் ஆஸ்டரிஸ்கை வாடகை சர்வருக்கு மாற்றுவதே மேல். எல்லா போனும் உள்ளிருந்து வெளியே பேசும். சிமெட்ரிக் ஆர்டிபி மீதியைப் பார்த்துக்கொள்ளும். மும்பை, பெங்களூரு, சென்னை என்று அருகில் இருக்கும் இடமாக எடுங்கள். குரல் ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது ஐடியூ என்ற உலகத் தொலைத்தொடர்பு அமைப்பின் அளவுகோல். சர்வர் அமெரிக்காவில் இருந்தால் கோவையிலிருந்து பக்கத்து மேசைக்குப் பேசுவதும் கடல் தாண்டிப் போய் வரும். கிளவுட் என்றாலே நேட் இல்லை என்றும் நினைக்க வேண்டாம். அமேசான் மாதிரி இடங்களில் சர்வருக்குள் பார்த்தால் பிரைவேட் ஐபிதான் இருக்கும், பப்ளிக் ஐபி வெளியே ஒட்டியிருக்கும். அங்கேயும் எக்ஸ்டர்னல் மீடியா அட்ரஸ் எழுத வேண்டும்.

இதை நான் அந்த ஆபீஸுக்குத் தேர்ந்தெடுக்காததற்கு ஒரே காரணம்: நெட் போனால் உள்ளே மாடிக்கு மாடி இண்டர்காமும் போய்விடும். சாலை தோண்டும்போது ஃபைபர் அறுபடும் தெரு அது. எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யும் நிறுவனமாக இருந்தால் யோசிக்காமல் இதையே சொல்வேன்.

இரண்டு கிளையிலும் ஆஸ்டரிஸ்க் இருந்தால் நடுவில் சிப்புக்குப் பதில் ஆஸ்டரிஸ்கின் சொந்த முறையான ஐஏஎக்ஸ்2 வைக்கலாம். சிக்னலிங்கும் குரலும் 4569 என்ற ஒரே போர்ட்டில் போவதால் இந்தத் தலைவலியே வராது. குடோனில் இரண்டு போனுக்காக இன்னொரு சர்வர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லாக் கருவிக்கும் தனி முகவரி தரும் ஐபிவி6 வந்தால் நேட்டே வேண்டாம் என்பதும் உண்மைதான்; ஆனால் எல்லா முனையிலும் அது இருக்க வேண்டும், ஃபயர்வாலும் வழிவிட வேண்டும். அதை நம்பி இன்று முடிவெடுக்க மாட்டேன்.

எதைத் தேர்ந்தோம்

தேர்வு செய்யும்போது விலையைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு கேள்வி. நான் ஊரில் இல்லாத சனிக்கிழமை சாயங்காலம் கெட்டுப்போனால் அங்கே யார் கையில் என்ன செய்ய முடியும்? குடோனில் ரௌட்டரை அணைத்துப் போட முடியும், அவ்வளவுதான். அதனால் நிலையான இடத்துக்கு வயர்கார்டு, அது தானாக எழுந்துகொள்ளும். ஆளுக்கு ஆள் மாறும் வீட்டு இணைப்புகளுக்கு ஸ்டாட்டிக் ஐபியும் சர்வர் செட்டிங்கும் மட்டும், அவர்கள் பக்கம் எதையும் வைக்கவில்லை. டர்ன், ஸ்டன் இரண்டும் இல்லை.

இந்த ஏற்பாட்டிலும் ஒரு வீடு மட்டும் அடங்கவில்லை. இணைய நிறுவனம் கொடுத்த ரௌட்டர்; அட்மின் பாஸ்வேர்டை அவர்கள் தரமாட்டார்கள்; உள்ளே ஏஎல்ஜி ஆனில் இருக்கிறது. அந்த அம்மாவின் ஆப்பில் மட்டும் டிரான்ஸ்போர்ட்டை, செய்தியைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் என்று மாற்றி, போர்ட்டை 5061 ஆக்கினேன். பூட்டிய உறையை ரௌட்டரால் பிரிக்க முடியவில்லை. மூன்றாவது மணியில் எடுத்து, “இப்பத்தான் சார் உங்க குரலே கேக்குது” என்றார்.